வெக்கை நோய ஒழிச்ச வாத்தியார்

மனுஷன் உலகத்துலேர்ந்தே முழுசா ஒழிச்ச நோய் எதுன்னு கேட்டா பெரியம்மைன்னு எல்லாரும் டக்குனு சொல்லிடுவாங்க. ரெண்டாவது எதுன்னு கேட்டா கால்நடை டாக்டருங்கள தவிர வேற யாரும் வாய் திறக்கறதில்ல. அது மாட்டுக்கு வர்ற வெக்கை நோய், பாடப்புத்தகத்துல ரிண்டர்பெஸ்ட்னு இருக்கும். 2011 மே மாசம் உலக கால்நடை சுகாதார அமைப்பும், அடுத்த மாசமே ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பும் இந்த நோய் இனி பூமியில இல்லன்னு அறிவிச்சாங்க. அதுக்கு அடித்தளமா இருந்த தடுப்பூசிய செஞ்சவரு வால்டர் பிளவ்ரைட், இங்கிலாந்துக்காரர், கால்நடை டாக்டர், வைரஸ் ஆராய்ச்சியாளர், பிற்பாடு பேராசிரியர். நான் கால்நடை மருத்துவம் படிக்கறப்போ இவர் பேரு பாடத்துல ஒரே ஒரு வரியில வந்துட்டு போயிடும், பரீட்சையில ரெண்டு மார்க். அந்த ரெண்டு மார்க்குக்கு பின்னாடி எவ்ளோ பெரிய வாழ்க்கை இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தேடி படிச்சேன், படிக்க படிக்க இத யாராவது தமிழ்ல எழுதணுமேன்னு தோணிட்டே இருந்துச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

முதல்ல நோய பத்தி சொல்லிடறேன், ஏன்னா இப்போ சர்வீஸ்ல இருக்கற டாக்டருங்கள்லயே ரொம்ப பேரு இத கண்ணால பாத்ததில்ல. மாட்டுக்கு திடீர்னு கடுமையான ஜுரம் வரும், தீனி எடுக்காது, கண்ணுலேர்ந்தும் மூக்குலேர்ந்தும் தண்ணியா ஒழுகும், அப்புறம் அது கெட்டியா சீழ் மாதிரி ஆகும். வாய தொறந்து பாத்தா ஈறுலயும் உதட்டு உள்பக்கத்துலயும் தவிட்ட தூவி விட்ட மாதிரி வெளுப்பா திட்டுத்திட்டா இருக்கும், விரல வெச்சா தோல் உரிஞ்சு வந்துடும். வாயிலேர்ந்து வர்ற நாத்தம் தாங்க முடியாது. அதுக்கப்புறம் கழிச்சல், ரத்தமும் சளியுமா பீச்சி அடிக்கும், உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வெளிய போயி கண்ணு குழி விழுந்து மாடு படுத்துடும். பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள கதை முடிஞ்சிடும். இதுவரைக்கும் நோயே வராத ஊர்ல நுழைஞ்சதுன்னா பத்து மாட்டுல எட்டு ஒம்போது சாகும்.

ஆப்பிரிக்காவுல அப்படித்தான் ஆச்சு. 1887 வாக்குல எரித்ரியா பக்கம் இத்தாலி ராணுவத்துக்கு கொண்டு வந்த மாடுகளோட இந்த நோய் உள்ள நுழைஞ்சுது, பத்தே வருஷத்துல தென்கோடி வரைக்கும் போயிடுச்சு. மாட்ட நம்பியே வாழ்ந்த ஜனங்க, ஏர் பூட்ட மாடு இல்ல, பால் இல்ல, எத்தியோப்பியாவுல வந்த பஞ்சத்துல மூணுல ஒரு பங்கு மக்கள் செத்திருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க. மாட்டுக்கு வர்ற நோய்தானே, மனுஷனுக்கு தொத்தாதேன்னு யாராவது சொன்னா எனக்கு இந்த கணக்குதான் ஞாபகத்துக்கு வரும். உலகத்தோட முதல் கால்நடை மருத்துவ பள்ளிக்கூடம் பிரான்ஸ்ல லியோன்ல 1761ல ஆரம்பிச்சதுக்கே இந்த நோய் ஒரு முக்கிய காரணம். நம்ம நாட்டுல 1889ல பூனாவுல ஆரம்பிச்சு அப்புறம் முக்தேஷ்வர் மலைக்கு போன ஆராய்ச்சிக்கூடம், இன்னிக்கு இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்னு இருக்கே, அதுவும் முக்கியமா இந்த நோயாலதான் வந்துச்சு. 1920ல இந்திய மாடுங்க கப்பல்ல பிரேசில் போற வழியில பெல்ஜியத்துல இறங்கி அங்க நோய பரப்ப, அந்த பயத்துல நாடுங்க ஒண்ணு கூடி 1924ல உருவாக்கினதுதான் உலக கால்நடை சுகாதார அமைப்பு. நம்ம தொழிலோட பாதி சரித்திரமே இந்த ஒரு வைரஸ சுத்திதான் நடந்திருக்கு.

பிளவ்ரைட் 1923ல இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல ஹோல்பீச்ங்கற ஊர்ல பொறந்தார், விவசாய பூமி. லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ்ல படிச்சு 1944ல டாக்டரா வெளிய வந்தார். யுத்தம் நடந்துட்டு இருந்த நேரம், ராணுவ கால்நடை படையில சேந்து கென்யாவுக்கு போனார். ஆப்பிரிக்கா அவர பிடிச்சுக்கிச்சு. திரும்பி போயி கொஞ்ச நாள் காலேஜ்ல பாடம் நடத்திட்டு, காலனி அரசாங்கத்தோட கால்நடை சர்வீஸ்ல சேந்து மறுபடி ஆப்பிரிக்கா, நைஜீரியாவுல வோம்ங்கற ஊர்ல இருந்த ஆராய்ச்சிக்கூடத்துல சில வருஷம், 1956லேர்ந்து கென்யாவுல நைரோபிக்கு பக்கத்துல முகுகாவுல. அவரோட பெரிய வேலையெல்லாம் இந்த முகுகாவுலதான் நடந்துச்சு.

அவர் வர்றதுக்கு முன்னாடி தடுப்பூசியே இல்லையான்னா, இருந்துச்சு. 1897ல ராபர்ட் காக்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி தென்னாப்பிரிக்காவுல இந்த நோயால செத்த மாட்டோட பித்தநீர ஊசியா போட்டு பாத்தார். அப்புறம் சீரம், அதாவது எதிர்ப்பு சக்தி வந்த மாட்டு ரத்தத்துலேர்ந்து பிரிக்கற திரவம், அத குடுத்துட்டு கூடவே உயிருள்ள வைரஸும் போடற முறை வந்துச்சு. முக்தேஷ்வர்ல எட்வர்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி வைரஸ ஆட்டு உடம்புல திரும்ப திரும்ப செலுத்தி அதோட வீரியத்த கொறச்சு ஒரு தடுப்பூசி செஞ்சார், நம்ம நாட்டுல பல வருஷம் அதான் ஓடுச்சு. கொரியாவுல நாகமுரா முயல்ல வளத்து ஒண்ணு செஞ்சார். எல்லாமே பெரிய சாதனைங்கதான், கோடிக்கணக்கான மாட்ட காப்பாத்தியிருக்கு. ஆனா சிக்கல் என்னன்னா ஆட்டு தடுப்பூசி நாட்டு மாட்டுக்கு சரி, சீமை மாட்டுக்கும் கலப்பின மாட்டுக்கும் போட்டா ஜுரம் எகிறும், சிலது செத்தும் போகும். அதனால எந்த இனத்துக்கு எத போடறதுன்னு பாத்து பாத்து போடணும். ஒரு டாக்டர் ஒரு ஊர்ல நூறு மாட்டுக்கு ஊசி போட்டு அதுல நாலு மாடு ஊசியாலயே செத்துச்சுன்னு வைங்க, அடுத்த ஊர்ல ஒருத்தரும் மாட்ட அவுத்துட்டு வர மாட்டாங்க. இத களத்துல வேலை பாத்த யாரும் மறுக்க மாட்டாங்க.

பிளவ்ரைட் முகுகாவுக்கு வந்த நேரத்துல வைரஸ் ஆராய்ச்சியே மாறிட்டு இருந்துச்சு. அமெரிக்காவுல எண்டர்ஸ்ங்கற விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் 1949ல போலியோ வைரஸ கண்ணாடி குழாய்ல செல் வளத்து அதுல வளத்து காட்டிட்டாங்க, 1954ல அதுக்கு நோபல் பரிசும் வந்துச்சு, அதே வருஷம் எண்டர்ஸ் தட்டம்மை வைரஸயும் அப்படி வளத்துட்டார். தட்டம்மை வைரஸும் வெக்கை நோய் வைரஸும் ரத்த சொந்தம், ஒரே குடும்பம். அப்போ இதையும் விலங்கு உடம்பு இல்லாம வெறும் செல்லுல வளக்க முடியுமேன்னு பிளவ்ரைட்டும் அவரோட சகா ஃபெரிஸும் இறங்கினாங்க.

கன்னுக்குட்டியோட சிறுநீரகத்த எடுத்து சின்ன சின்னதா நறுக்கி, ட்ரிப்சின்ங்கற என்சைம் கரைசல்ல போட்டு கலக்கினா செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா பிரிஞ்சு வரும். அத ஊட்டச்சத்து திரவத்துல விட்டு கண்ணாடி பாட்டில்ல வெச்சா சில நாள்ல பாட்டிலோட ஒரு பக்கம் பூரா செல்லுங்க மெல்லிசா ஒரு படலமா படிஞ்சு நிக்கும். அதுல வைரஸ விடணும். மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒழுங்கா வரிசையா நின்ன செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து பெரிய பெரிய செல்லா ஆகியிருக்கும், ஒரே செல்லுக்குள்ள ஏகப்பட்ட நியூக்ளியஸ், சிலது நட்சத்திரம் மாதிரி கை கால நீட்டிட்டு நிக்கும். வைரஸ் வளந்துடுச்சுன்னு அர்த்தம். அந்த திரவத்துலேர்ந்து கொஞ்சம் எடுத்து புது பாட்டில்ல விடணும், அதுலேர்ந்து இன்னொண்ணுல, தயிருக்கு உறை ஊத்தற மாதிரி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு போயிட்டே இருக்கும். கென்யாவுலயே 1910 வாக்குல கெடைச்ச கபேட்டே ஓங்கற வைரஸ் ரகம், மாட்ட கொல்ற முரட்டு ரகம், அத எடுத்துக்கிட்டு கிட்டத்தட்ட 90 தடவை இப்படி மாத்தி மாத்தி வளத்தாங்க.

ஒவ்வொரு கட்டத்துலயும் அந்த வைரஸ நிஜ மாட்டுக்கு போட்டு பாக்கணும், தினமும் ஜுரம் பாக்கணும், வாயில புண்ணு வருதா, கழிச்சல் வருதான்னு பாக்கணும், மூணு வாரம் கழிச்சு அதே மாட்டுக்கு வீரியமுள்ள நிஜ வைரஸ குடுத்து நிக்குதா சாகுதான்னு பாக்கணும். போகப்போக மாட்டுக்கு ஜுரம் கூட வரல, ஆனா எதிர்ப்பு சக்தி மட்டும் முழுசா வந்துச்சு. பக்கத்துல கட்டியிருந்த ஊசி போடாத மாட்டுக்கும் அது தொத்தல. 1962ல பேப்பர் வந்துச்சு.

எனக்கு இந்த மனுஷன் மேல மரியாதை வர்றது பேப்பர் வந்ததுக்கு அப்புறம் அவர் செஞ்ச வேலையாலதான். வேற யாராவதா இருந்தா அடுத்த வைரஸுக்கு போயிருப்பாங்க. இவர் சினை மாட்டுக்கு போட்டா கரு கலையுதா, கன்னுக்குட்டிக்கு போட்டா தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி ஊசிய வேலை செய்ய விடுதா, சீமை மாட்டுக்கு போட்டா என்ன ஆகுது, ஒரு தடவை ஆபத்தில்லாம ஆன வைரஸ் மாட்டுக்கு மாடு மாத்தினா மறுபடி முரடா மாறுதான்னு ஒண்ணு ஒண்ணா போட்டு பாத்தார். ஊசி போட்ட மாடுகள நோய் எட்டாத இடத்துல வருஷக்கணக்கா வெச்சிருந்து, அப்புறம் நிஜ வைரஸ குடுத்து பாத்திருக்காங்க, மாடு அசையல. ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும்னு அதுக்கப்புறம்தான் தைரியமா சொன்னாங்க. இந்த வேலையில எந்த கண்டுபிடிப்பு பரபரப்பும் கெடையாது, திரும்ப திரும்ப அதே தெர்மாமீட்டர், அதே சார்ட். ஆனா எந்த ஊர்ல எந்த இன மாடா இருந்தாலும் கேள்வி கேக்காம ஊசிய குத்தலாம்ங்கற நம்பிக்கை கீழ இருக்கற கால்நடை ஆய்வாளருக்கு வந்தது இதனாலதான். ஆட்டு தடுப்பூசி காலத்துல இல்லாதது அந்த நம்பிக்கைதான். அவரோட விதை வைரஸ வாங்கி பல நாட்டு லேபுங்க சொந்தமாவே தயாரிச்சாங்க.

வைரஸும் ஒரு விதத்துல ஒத்துழைச்சுது. உலகம் பூரா இதுல ஒரே வகைதான், கோமாரி மாதிரி ஏழு வகை கெடையாது. பொழச்ச மாடு வைரஸ உடம்புல வெச்சுக்கிட்டு பரப்பாது. ஆனா இதெல்லாம் இருந்தும் நல்ல தடுப்பூசி வர்ற வரைக்கும் நூத்துக்கணக்கான வருஷமா இந்த நோய் ஓடிட்டுதானே இருந்துச்சு.

1962ல ஆப்பிரிக்காவுல ஜேபி 15ங்கற கூட்டுத்திட்டம் ஆரம்பிச்சுது, 1976 வரைக்கும் 22 நாட்டுல, வருஷா வருஷம் மூணு வருஷத்துக்கு எல்லா மாட்டுக்கும் ஊசி. நோய் கிட்டத்தட்ட போயிடுச்சு. கிட்டத்தட்டதான். சூடான் எத்தியோப்பியா பக்கமும், மேற்க மாலி மௌரிடானியா பக்கமும் கொஞ்சம் ஒளிஞ்சிருந்துச்சு, எல்லாரும் ஜெயிச்சாச்சுன்னு ஊசிய நிறுத்தினதும் 1980கள்ல திரும்பி வந்து மாட்ட வாரிக்கிட்டு போச்சு. தடுப்பூசி மட்டும் நல்லா இருந்தா போதாதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த தடுப்பூசிய உறைய வெச்சு பவுடரா காய வெச்சிருப்பாங்க, ஐஸ்லயே வெச்சிருக்கணும், குளிர்ந்த உப்பு தண்ணியில கரைச்சா கொஞ்ச நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிடணும், இல்லன்னா செத்த வைரஸ போட்ட மாதிரிதான். இங்க வேலை பாத்த பெரியவங்க கிட்ட பேசினா இத சொல்லுவாங்க, ஐஸ் போட்ட பிளாஸ்க தோள்ல மாட்டிக்கிட்டு சைக்கிள்ல போவாங்களாம், விடியறதுக்குள்ள மாட்டுப்பட்டிக்கு போயிடணுமாம், வெயில் ஏறினா ஐஸ் கரையும், மாடும் மேய்ச்சலுக்கு போயிடும். பிற்பாடு 1980கள் கடைசியில ஜெஃப்ரி மரைனர்னு ஒரு அமெரிக்க கால்நடை விஞ்ஞானி பிளவ்ரைட்டோட அதே வைரஸ வெச்சு சூடு தாங்கற மாதிரி ஒரு தடுப்பூசி செஞ்சார், ஐஸ் இல்லாம வாரக்கணக்கா தாங்கும். அத எத்தியோப்பியாவுல அஃபார் மக்கள், தெற்கு சூடான் மக்கள் மாதிரி மாடு மேய்க்கறவங்க கையிலயே குடுத்து, அவங்களையே ஊசி போட பழக்கினாங்க. ரோடே இல்லாத இடத்துல நோய் அப்படித்தான் அடங்குச்சு. கடைசி நோய் 2001ல கென்யாவுல மேரு தேசிய பூங்காவுல காட்டெருமைங்க கிட்ட பாத்தாங்க.

நம்ம பக்கத்து கதையும் இதோட சேந்ததுதான். இந்தியாவுல 1954லயே ஒழிப்பு திட்டம் ஆரம்பிச்சாச்சு, ரொம்ப காலம் ஆட்டு தடுப்பூசி, அப்புறம் செல்லுல வளத்த இந்த தடுப்பூசி. இராணிப்பேட்டையில இருக்கற கால்நடை நோய் தடுப்பு மருந்து நிலையம் 1932ல சீரம் நிலையமா ஆரம்பிச்சதே வெக்கை நோய்க்கு சீரம் செய்யத்தான். இந்தியாவோட கடைசி வெக்கை நோய் எங்க வந்துச்சு தெரியுமா, அதே வட ஆற்காடு பக்கம்தான், 1995ல. சீரம் செய்ய ஆரம்பிச்ச மண்ணுலயே நோய் கடைசியா நின்னிருக்குன்னு படிச்சப்போ எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அதுக்கப்புறம் ஊசிய நிறுத்திட்டு வருஷக்கணக்கா ஊர் ஊரா ரத்தம் எடுத்து சோதிச்சாங்க, ஏன்னா ஊசியால வந்த எதிர்ப்பு சக்தியா நோயால வந்ததான்னு இந்த தடுப்பூசில பிரிச்சு பாக்க முடியாது, ஊசிய நிறுத்தினாதான் உண்மை தெரியும். அந்த தைரியமான முடிவ எடுத்தவங்களயும் யாரும் பாராட்டினதில்ல. 2006ல இந்தியா வைரஸே இல்லாத நாடுன்னு அறிவிப்பு வந்துச்சு.

பிளவ்ரைட்டுக்கு திரும்பி வர்றேன். வெக்கை நோய் மட்டும்தான் அவர் செஞ்சாருன்னு நெனச்சிடாதீங்க. மாசாய் மக்கள் கென்யா தான்சானியா எல்லையில மாடு மேய்க்கறவங்க, வில்டபீஸ்ட்ங்கற காட்டு விலங்கு கூட்டமா கன்னு போடற சமயத்துல அந்த புல்வெளிக்கு மாட்ட ஓட்டிட்டு போக மாட்டாங்க, போனா மாட்டுக்கு ஜுரம் வந்து கண்ணு வெளுத்து சாகும்னு அவங்களுக்கு தலைமுறை தலைமுறையா தெரியும். மழைக்கு அப்புறம் நல்ல புல்லு மொளைக்கற நேரத்துலயே மாட்ட ஒதுக்கி ஓட்டிட்டு போறது எவ்ளோ கஷ்டம்னு பாருங்க. படிச்சவங்க பல பேரு இத கேட்டுட்டு போயிட்டாங்க. பிளவ்ரைட்டும் ஃபெரிஸும் ஸ்காட்டும் 1960ல அந்த வில்டபீஸ்ட்லேர்ந்து வைரஸ பிரிச்சு எடுத்து காட்டினாங்க, ஹெர்பிஸ் வகை வைரஸ், வில்டபீஸ்ட்டுக்கு ஒண்ணும் செய்யாது, குட்டிங்க அத பரப்பும், மாட்டுக்கு வந்தா கிட்டத்தட்ட சாவுதான். மாசாய் சொன்னது அப்படியே உண்மை.

அதே வில்டபீஸ்ட் கதையில இன்னொரு விஷயமும் இருக்கு, எனக்கு இவரோட மொத்த வேலையிலயே ரொம்ப பிடிச்சது இதுதான். வெக்கை நோய் காட்டு விலங்குங்களையும் தாக்கும், தான்சானியாவுல செரெங்கெட்டிங்கற பெரிய புல்வெளியில வருஷா வருஷம் ஒரு வயசு வில்டபீஸ்ட் குட்டிங்க கும்பலா செத்துட்டு இருந்துச்சு. அப்போ காட்டு விலங்குதான் நோய வெச்சிருந்து மாட்டுக்கு பரப்புது, அத சுட்டு தள்ளணும்னு பேசினவங்களும் இருந்தாங்க. சுத்துப்பட்டு மாடுகளுக்கு ஊசி போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பிளவ்ரைட் வில்டபீஸ்ட்டோட ரத்தத்த வயசு வாரியா எடுத்து பாத்தார். 1963க்கு அப்புறம் பொறந்ததுங்க ரத்தத்துல நோய் வந்துபோன அடையாளமே இல்ல. மாட்டுக்கு ஊசி போட்டதும் காட்டுல நோய் தானா நின்னுடுச்சு, அப்படின்னா நோய வெச்சிருந்தது மாடுதான், காட்டு விலங்கு பாவம் அதுக்கிட்டேர்ந்து வாங்கிட்டு செத்துட்டு இருந்துச்சு. 1961ல ரெண்டரை லட்சம் கணக்குல இருந்த செரெங்கெட்டி வில்டபீஸ்ட் 1970கள் கடைசில 13 லட்சத்துக்கு வந்துடுச்சு. அதுங்க புல்ல மேஞ்சு தீத்ததால காட்டுத்தீ கொறைஞ்சு மரங்க கூட திரும்ப வளந்துச்சுன்னு சூழலியல் ஆளுங்க எழுதியிருக்காங்க. இன்னிக்கு டிவியில லட்சக்கணக்குல வில்டபீஸ்ட் ஆத்த கடக்கறத காட்டறாங்களே, அந்த கூட்டம் அவ்ளோ பெருசா இருக்கறதுக்கு மாட்டுக்கு போட்ட ஊசிதான் முக்கிய காரணம்னு எத்தனை பேருக்கு தெரியும்?

ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சலும் உண்டு. ஆப்பிரிக்காவுல இருக்கற வார்ட்ஹாக் மாதிரி காட்டுப்பன்றிக்கு ஒண்ணும் ஆகாது, வீட்டுப்பன்றிக்கு வந்தா அவ்ளோதான். அந்த காட்டுப்பன்றிங்க நடுவுல அது எப்படி தங்குதுன்னு புரியாம இருந்துச்சு. பிளவ்ரைட் குழு வார்ட்ஹாக் பன்றிங்க படுக்கற பொந்துக்குள்ளேர்ந்து ஒரு வகை உண்ணிய புடிச்சு வந்து சோதிச்சாங்க, உண்ணிக்குள்ள வைரஸ், 1969ல அத வெளியிட்டாங்க. அப்புறம் அது தாய் உண்ணிலேர்ந்து முட்டைக்கு போறதையும், ஆண் உண்ணிலேர்ந்து பெண்ணுக்கு போறதையும் காட்டினாங்க. அந்த நோய் 2018ல சீனாவுக்குள்ள வந்து, 2020ல நம்ம அசாம் அருணாசலம் வரைக்கும் வந்தப்போ ஆராய்ச்சி கட்டுரைங்கள்ல இவர் பேர திரும்ப திரும்ப பாத்தேன். மனுஷனுக்கு வந்த பெரியம்மை இல்ல, இங்க மாட்டுக்கு தோல்ல கட்டி கட்டியா வந்துச்சே, பெரியம்மைன்னு சொல்ற லம்பி ஸ்கின், அந்த வைரஸயும் 1959லயே செல்லுல வளத்து எழுதினவங்கள்ல இவரும் ஒருத்தர்.

இதையெல்லாம் சேத்து பாத்தா எனக்கு ஒரே விஷயம்தான் தெரியுது. லேப்ல உக்காந்து யோசிச்ச கேள்வி ஒண்ணு கூட கெடையாது, எல்லாமே பட்டியில, மேய்ச்சல் காட்டுல, பொந்துல கெடைச்ச கேள்வி. அத லேபுக்கு எடுத்துட்டு வந்து பதில் கண்டுபிடிச்சு, திரும்ப அதே பட்டிக்கு கொண்டு போயி சரியான்னு பாத்திருக்கார். இன்னிக்கு நம்ம பசங்க மாட்டு வாய தொறந்து பாக்காமயே வைரஸ் ஜீன பத்தி பிஎச்டி முடிச்சிடறாங்க. ஜீன் படிக்கறது தப்பே இல்ல, அவசியம், ஆனா அந்த வைரஸ் எந்த மாட்ட எப்படி படுக்க வைக்குதுன்னு தெரியாம படிச்சா என்ன கேள்வி கேக்கணும்னே தெரியாம போயிடும், இது எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம்.

1971ல இங்கிலாந்து திரும்பி, படிச்ச அதே ராயல் வெட்டர்னரி காலேஜ்ல நுண்ணுயிரியல் பேராசிரியரா 1978 வரைக்கும் இருந்தார். அப்புறம் காம்ப்டன்ல இருந்த விலங்கு நோய் ஆராய்ச்சி நிலையத்துல நுண்ணுயிரியல் துறை தலைவர், 1983ல ஓய்வு. 1981ல ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உலக உணவு பரிசு 1999ல வந்துச்சு. 1962ல செஞ்ச வேலைக்கு 1999ல! அந்த பரிசு பசுமைப்புரட்சி நார்மன் போர்லாக் ஏற்படுத்தினது, முதல் தடவை வாங்கினது நம்ம எம்.எஸ்.சுவாமிநாதன். நெல்லு கோதுமைக்கு பக்கத்துல ஒரு மாட்டு டாக்டர் பேரும் வந்துச்சேன்னு எனக்கு சந்தோஷம். 2010 பிப்ரவரில இறந்துட்டார், உலகம் நோய் இல்லன்னு அறிவிக்க இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. ஆனா 2001க்கு அப்புறம் எங்கயும் நோய் வரலங்கறது அவருக்கு தெரிஞ்சுதான் இருந்திருக்கும்.

அறிவிப்புக்கு அப்புறம் லேபுங்கள்ல மிச்சம் இருந்த வைரஸ அழிக்கற வேலை நடந்துச்சு, இங்கிலாந்துல பிர்பிரைட்ங்கற வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம் 2019ல தங்கிட்ட இருந்தத ஜீன் வரிசைய படிச்சு வெச்சுட்டு எரிச்சிட்டாங்க. தடுப்பூசி எத்தியோப்பியாவுல இருக்கற ஆப்பிரிக்க ஒன்றியத்தோட மையம் மாதிரி சில இடங்கள்ல கையிருப்பா இருக்கு.

இப்போ உலக கால்நடை சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் அடுத்து குறி வெச்சிருக்கறது ஆட்டுக்கொல்லி நோய், 2030க்குள்ள ஒழிக்கணும்னு. வெக்கை நோயோட தம்பி வைரஸ்தான் அது, ஒரு காலத்துல பிளவ்ரைட்டோட மாட்டு தடுப்பூசியவே ஆட்டுக்கும் போட்டு காப்பாத்தினாங்க. வெக்கை நோய் இருக்கா இல்லையான்னு ரத்தத்துல பாக்க அது குழப்பம் பண்ணும்ங்கறதால நிறுத்திட்டு ஆட்டுக்கொல்லிக்குன்னே தனி தடுப்பூசி செஞ்சாங்க. இந்தியாவுல இந்த நோய் முதல்ல தெரிய வந்தது 1987ல நம்ம விழுப்புரம் பக்கம் அரசூர்ல. அந்த ஊர் வைரஸ வெச்சே நம்ம தமிழ்நாடு கால்நடை பல்கலைக்கழகத்துல அரசூர் 87னு ஒரு தடுப்பூசியே செஞ்சாங்க. அந்த கதை தனியா ஒரு பதிவு எழுதற அளவுக்கு இருக்கு, அடுத்து அதத்தான் எழுத போறேன். அந்த காலத்துல அரசூர் பக்கம் வேலை பாத்தவங்களோ, வெக்கை நோய்க்கு பிளாஸ்க் தூக்கிட்டு போயி ஊசி போட்டவங்களோ உங்க வீட்டுல யாராவது பெரியவங்க இருந்தா, அவங்க கிட்ட உக்காந்து கேட்டு எழுதி வைங்க, முடிஞ்சா எனக்கும் அனுப்புங்க.